உயிரணுவின் சிக்கனத்தை அறிந்த எலியன் அம்மையார்

தமிழ்த்துறை மலரில் வேதியியலார் ஒருவரின் வாழ்க்கைக்கு இடம் எதற்கு என வினவுவோர் இருக்கலாம். வாழ்க்கை வரலாறு இலக்கிய வகைகளுள் ஒன்று. அதற்கு உரியவர் புலவராகவோ அரசராகவோதான் இருத்தல் வேண்டும் என எந்த இலக்கணமும் விதிக்கவில்லை. நாம் எடுத்துக்கொண்ட கெர்ட்ரூட் பெல் எலியன் அம்மையார் அமெரிக்க நாட்டவர். 1999-ஆம் ஆண்டில் மறைந்தார். இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவ மாணவியர் அனைவரும் ஏறத்தாழ அதற்குப் பின்னர்ப் பிறந்தவர்களே. ஆயினும் அவ்வம்மையார் ஆக்கித் தந்த மருந்துகளுள் ஒன்றேனும் அவர்தம் இல்லங்களுக்குள் வந்து சென்றிருக்கும். யூரிக் அமிலம் மிகுந்து மூட்டு வீங்கிய முதியோர் உட்கொள்ளும் அலோபியூரினால் அவருடைய ஆய்வகத்தில் பிறந்தது. அக்கி கண்டவர்க்கு மருத்துவர் எழுதித் தரும் அசைக்ளோவிரும் அவ்வாறே. மருந்தின் பெயரை அறிவோம்; ஆக்கியவர் பெயரை அறியோம். இக்கட்டுரைக்கு அதுவே போதிய காரணம் எனக் கருதுகின்றோம்.

அம்மையார் 1918-ஆம் ஆண்டு சனவரி 23-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தையார் லித்துவேனியாவிலிருந்து சிறுவனாகக் குடியேறிப் பல் மருத்துவரானவர். தாயாரும் ஐரோப்பாவிலிருந்து இளம் பருவத்தில் வந்தவரே. உடன்பிறந்தார் ஒரு தம்பி. நூல்களே உலகம் என வளர்ந்த அப்பெண்ணுக்கு எல்லாப் பாடங்களும் இனித்தன. எதனை மேற்கொள்வது என்பதே சிக்கலாக இருந்தது. அவருக்குப் பதினைந்து வயதானபோது அன்பிற்குரிய பாட்டனார் இரைப்பைப் புற்றுநோயால் துன்புற்று இறந்தார். மருத்துவமனைக் கட்டிலில் அவர் பட்ட வேதனையைக் கண்ட நாளிலேயே தமது துறையை அம்மையார் தேர்ந்துகொண்டார். நோய்க்கு மருந்து காண வேண்டும். அதற்கு வேதியியல் கற்க வேண்டும்.

1929-ஆம் ஆண்டின் பங்குச் சந்தை வீழ்ச்சியில் தந்தையாரின் செல்வம் கரைந்துவிட்டது. கட்டணமின்றிக் கற்பித்த ஹண்டர் மகளிர் கல்லூரியில் நல்ல மதிப்பெண் பெற்றவர்க்கு மட்டுமே இடம். அங்கு இடம்பெற்று 1937-இல், தம் பத்தொன்பதாம் வயதில், மிக உயர்ந்த தகுதியுடன் தேறினார். அவர்க்கு அமைந்த பேறு அதனோடு நின்றது. மேற்படிப்புக்கான உதவித்தொகை வேண்டிப் பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. வேலை தேடிச் சென்ற ஓரிடத்தில், ஆய்வகத்தில் இளம்பெண் ஒருத்தி இருப்பது ஆடவர் கவனத்தைச் சிதைக்கும் எனக் கூறித் திருப்பி அனுப்பினர். தகுதி போதாது எனக் கூறியிருப்பின் ஆறுதலுக்கு இடமுண்டு. தகுதியை எண்ணியே பாராமல் அனுப்பிய கொடுமையை என்னென்பது!

செயலர் பயிற்சிப் பள்ளியில் சில வாரங்கள் பயின்றார். செவிலியர் பள்ளி ஒன்றில் மூன்று மாதம் உயிர்வேதியியல் கற்பித்தார். ஒரு வேதியியலாரின் ஆய்வகத்தில் ஊதியமின்றிப் பணியில் சேர்ந்தார். ஒன்றரை ஆண்டுக்குப் பின் அங்கு வாரத்திற்கு இருபது டாலர் பெறும் நிலைக்கு உயர்ந்தார். அச்சேமிப்பைக் கொண்டு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை வகுப்பில் சேர்ந்தபோது வேதியியல் பிரிவில் அவர் ஒருவரே பெண். பகலில் பள்ளி ஆசிரியப் பணி, இரவிலும் வார இறுதியிலும் ஆய்வு என உழைத்து 1941-இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே அவரை மணக்கவிருந்த இளைஞர் இதயத்தின் உள்ளுறையில் நுண்ணுயிர்த் தொற்றுக் கண்டு இறந்தார். சில ஆண்டுகள் கழித்துப் பெனிசிலின் பரவலாகக் கிடைத்தபோது அந்நோய் தீர்க்கக்கூடியதாயிற்று. மருந்து வந்தது, அவருக்கு அது காலம் கடந்து வந்தது. அம்மையார் அதன்பின் திருமணம் செய்துகொள்ளவேயில்லை.

இரண்டாம் உலகப் போர் ஆடவரைப் போர்க்களத்திற்கு அழைத்துச் செல்ல, ஆய்வகங்களில் இடம் காலியாயிற்று. பெண்களுக்கு வாயில் திறந்தது நீதியுணர்வினால் அன்று. ஆள் பஞ்சத்தினால் என்பதையும் நாம் மறத்தல் கூடாது. முதலில் ஒரு மளிகை நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஊறுகாயின் புளிப்பையும் உணவுப் பொருள்களின் நிறத்தையும் சோதிக்கும் வேலையே கிடைத்தது. 1944-இல் தந்தையாரின் பல் மருத்துவ நிலையத்திற்கு வந்த வலி மாத்திரையின் வழியே பரோஸ் வெல்கம் என்னும் மருந்து நிறுவனத்தின் பெயர் தெரியவந்தது. நியூயார்க்கை அடுத்த டக்கஹோ என்னும் ஊரில் இருந்த அதன் ஆய்வகத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் என்பவரின் உதவியாளராக அம்மையார் அமர்ந்தார். அன்று தொடங்கிய கூட்டு நாற்பதாண்டு நீடித்தது.

முனைவர் பட்ட வேட்கை அவரை விடவில்லை. பணி முடிந்து புருக்ளின் பல்தொழில்நுட்பக் கல்விக்கூடத்திற்கு மாலைதோறும் நெடுந்தொலைவு தொடர்வண்டியில் சென்று பயின்றார். சில ஆண்டுகள் சென்றபின், பணியைத் துறந்து முழுநேர மாணவராக வந்தாலன்றித் தொடர இயலாது எனக் கல்விக்கூடத்தார் கூறிவிட்டனர். அம்மையார் பட்டத்தை விடுத்துப் பணியைத் தேர்ந்தார். ஆய்வியல் நிறைஞர் பட்டத்தோடு நின்றுவிட்ட நமக்கு இவ்விடத்தைக் கடந்து செல்ல மனம் வரவில்லை. இரண்டு பேருந்து மாறிக் கல்லூரிக்கு வந்து, மேற்படிப்பு என்றதும் வீட்டாரின் முகத்தைப் பார்க்கும் மாணவியரும் இவ்விடத்தில் சற்று நிற்பர் என எண்ணுகின்றோம்.

இனி அவர் செய்த பணியைக் காண்போம். அதற்கு உயிரணுவின் ஒரு பழக்கத்தை அறிந்துகொள்ளுதல் வேண்டும். அறிவியல் துறை நண்பர்கள் பொறுமையுடன் விளக்கக் கேட்டு நாம் புரிந்துகொண்டவாறே எழுதுகின்றோம்.

உயிரணு தன் மரபுச் செய்தியை டி.என்.ஏ. என்னும் நெடிய இழையில் எழுதி வைத்துள்ளது. அவ்வெழுத்துகள் நான்கு. அவற்றுள் அடினைன், குவானைன் ஆகிய இரண்டும் பியூரின் என்னும் வகையைச் சார்ந்த காரங்கள். புதிய உயிரணு தோன்ற வேண்டுமாயின் எழுத்துகள் பெருமளவில் தேவை. அவற்றை உயிரணு இரு வழிகளில் பெறுகின்றது. ஒன்று, சிறு சிறு மூலக்கூறுகளைக் கூட்டிப் புதிதாகக் கட்டுவது. இதற்குப் பத்துப் படிநிலைகள் வேண்டும். ஆற்றல் செலவும் மிகுதி. மற்றொன்று, பழைய இழைகள் சிதையும்போது உதிரும் காரங்களைப் பொறுக்கியெடுத்து ஒரே படியில் மீண்டும் பயன்படுத்துவது. இவ்வேலையைச் செய்பவற்றை மீட்பு நொதிகள் என்போம்.

இளமையில் ஊர் அச்சகத்தில் நாம் கண்ட காட்சி இதற்குப் பொருந்தும். நூல் அச்சானதும் அச்சுக்கோப்பவர் ஈய எழுத்துகளைக் கலைத்து, அவற்றை அவற்றுக்குரிய அறைகளில் மீண்டும் போடுவார். புதிய எழுத்து வார்க்க ஈயத்தை உருக்க வேண்டும், அச்சு வேண்டும், கூலி வேண்டும்; பழைய எழுத்தைப் பிரித்துப் போடக் கைத்திறன் ஒன்றே போதும். உயிரணுவில் அக்கைத்திறன் உடைய நொதிகள் இரண்டு. ஒன்று அடினைனை மீட்கும். மற்றொன்று குவானைனையும், ஹைப்போசாந்தின் என்னும் மற்றொரு பியூரினையும் மீட்கும். உதிர்ந்த காரத்தின்மேல் பாஸ்பேட் தாங்கிய சர்க்கரையை ஏற்றி அதனை மீண்டும் இழையில் கோக்கத்தக்க எழுத்தாக்குவதே இவற்றின் தொழில். மீட்கப்படாமல் எஞ்சுவது யூரிக் அமிலமாகிச் சிறுநீரில் வெளியேறும்.

அம்மையார் ஆய்வு தொடங்கிய 1944-இல் இவற்றுள் பெரும்பகுதி எவர்க்கும் தெரியாது. டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவம் வெளியிடப்பட்டதே 1953-இல்தான். விரைந்து பெருகும் உயிரணுவுக்கு எழுத்துகள் மிகுதியாக வேண்டும். எனவே உண்மை எழுத்தைப் போலத் தோன்றும் போலி எழுத்தைக் கொடுத்தால் புற்றுநோய் உயிரணுவும் நுண்ணுயிரும் இடறும் என்பது ஹிட்சிங்ஸின் கருத்து. எலியன் அம்மையாரிடம் அவர் பியூரின்களை ஒப்படைத்தார். அம்மையார் ஒன்றன்பின் ஒன்றாகப் போலிப் பியூரின்களை ஆக்கி, பாலில் வளரும் நுண்ணுயிர் வகையொன்றின்மேல் சோதித்தார்.

முதலில் பயன் தருவது போலத் தோன்றியது டைஅமினோபியூரின். 1948-இல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் நிலையத்தில் இரத்தப் புற்றுநோயாளர் சிலர்க்கு அது தரப்பட்டது. அவர்களுள் இருபத்து மூன்று வயது இளம்பெண் ஒருவர் நோய் நீங்கி எழுந்தார். மணம் புரிந்தார், ஒரு குழந்தைக்குத் தாயுமானார். இரண்டாண்டுகள் கழித்து நோய் திரும்ப வந்து அவரைக் கொண்டுபோயிற்று. பல்லாண்டுகள் கழித்தும் அப்பெண்ணை நினைவுகூர்கையில் அம்மையாரின் கண்கள் கலங்கும். ஒரு முறை அடங்கிய நோய் ஏன் திரும்பியது என்னும் வினாவை ஆய்வகத்திலும் எழுப்பினார். டைஅமினோபியூரினைத் தாங்கிக்கொள்ளப் பழகிய நுண்ணுயிர்களை வளர்த்து ஆராய்ந்தபோது, அவை அடினைனைப் பயன்படுத்தும் திறனையே இழந்திருக்கக் கண்டனர். அச்சுக்கோப்பவர் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்துவிட்டால் அறைக்குள் போலி எழுத்து எங்ஙனம் நுழையும்? போலியை எழுத்தாக்குவது உயிரணுவின் மீட்பு நொதியே. அந்நொதி இன்றேல் மருந்து வெறும் பொடி.

அடுத்து அம்மையார் ஹைப்போசாந்தினில் உள்ள ஓர் ஆக்சிசன் அணுவை நீக்கி, அவ்விடத்தில் கந்தக அணுவை வைத்தார். அதுவே 6-மெர்காப்டோபியூரின். மீட்பு நொதி அதனை ஹைப்போசாந்தின் என மயங்கி ஏற்று, சர்க்கரையும் பாஸ்பேட்டும் சேர்த்து நுழைவுச் சீட்டு அளித்துவிடுகின்றது. உட்புகுந்த போலி, புதிய பியூரின் கட்டும் வழியின் முதற்படியை அடைக்கின்றது. மேலும் உருமாறி டி.என்.ஏ. இழையிலும் கோக்கப்பட்டு அதனைக் கெடுக்கின்றது. நஞ்சை ஆக்குவது மருந்தாளுநர் அல்லர், நோயுற்ற உயிரணுவே. இதனை நாம் முதன்முறை கேட்டபோது வியந்தோம்.

அக்காலத்தில் கடுமையான இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுள் பாதிப்பேர் மூன்று நான்கு மாதங்களுக்குள் இறந்தனர். 1948-இல் பாஸ்டன் நகரின் சிட்னி ஃபார்பர் ஃபோலிக் அமிலத்திற்குப் போலியான மருந்தால் சில குழந்தைகளுக்குத் தற்காலிக நலம் தந்திருந்தார். இந்நிலையில் மெர்காப்டோபியூரின் பல குழந்தைகளின் நோயை முற்றிலும் அடக்கியது. சோதனைகள் முழுமை பெறுமுன்னரே, 1953-இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. குழந்தைகளின் வாழ்நாள் ஏறத்தாழ ஓராண்டாக நீண்டது. ஓராண்டுதான்! விளையாடத் தொடங்கிய குழந்தை மீண்டும் படுக்கையில் விழுந்தது. வெற்றியின் மகிழ்ச்சியையும் இழப்பின் துயரையும் ஒருங்கே அம்மையார் அந்நாள்களில் சுமந்தார். மருந்துக்கு அடங்காது திரும்பிய உயிரணுக்களுள் பல, ஹைப்போசாந்தினை மீட்கும் நொதியை இழந்திருந்தமை பின்னர் ஆய்வாளர் பலரால் காட்டப்பட்டது. எனவே வெவ்வேறு வாயில்களை அடைக்கும் மருந்துகளை ஒருசேரக் கொடுத்தல் வேண்டும் என மருத்துவர் தெளிந்தனர். இன்று வசதி மிக்க நாடுகளில் இந்நோய்க் குழந்தைகளுள் பத்தில் ஒன்பதின்மர் அளவுக்குப் பிழைக்கின்றனர். அம்மருந்துக் கூட்டில் மெர்காப்டோபியூரினும் இன்றளவும் ஒன்று. இரண்டு மூன்று ஆண்டுகள் நாள்தோறும் குழந்தைகள் அதனை விழுங்குகின்றனர்.

அலோபியூரினாலின் கதை வேறு வகையானது. மெர்காப்டோபியூரினை உடல் சிதைத்து வீணாக்குவதைத் தடுக்க ஒரு துணை மருந்தைத் தேடினர். சாந்தின் ஆக்சிடேஸ் என்னும் நொதியைத் தடுப்பதாக அலோபியூரினால் அமைந்தது. மருந்தின் வலிமை கூடியது. நச்சுத்தன்மையும் உடன் கூடியதால் எதிர்பார்த்த ஆதாயம் இல்லை. ஆனால் யூரிக் அமிலத்தை உண்டாக்குவதும் அதே நொதியே. நோயாளரின் இரத்தத்தில் யூரிக் அமிலம் குறைந்தது கண்டு அதனை மூட்டு நோய்க்கு மருந்தாக்கினர். 1966-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. தேடியது ஒன்று, கிடைத்தது மற்றொன்று. இரு மருந்தையும் சேர்த்துத் தர நேர்ந்தால் மெர்காப்டோபியூரினின் அளவை மூன்றிலொரு பங்கோ நான்கிலொரு பங்கோ ஆக மருத்துவர் குறைப்பது அன்று கண்ட பாடத்தின் பயனே.

இங்கு ஒரு துயரச் செய்தியையும் கூற வேண்டியுள்ளது. 1964-இல் மைக்கேல் லெஷ் என்னும் மருத்துவ மாணவரும் அவர் ஆசிரியர் வில்லியம் நைகனும் இரு சிறுவர்களைப் பற்றி எழுதினர். உடன்பிறந்தாரான அவ்விருவர் உடலிலும் யூரிக் அமிலம் மிக அதிகம். கைகால்கள் வசத்தில் இல்லை. தம் உதட்டையும் விரலையும் தாமே கடித்துப் புண்ணாக்கிக்கொண்டனர். வலி தெரியாமல் அன்று, கதறிக்கொண்டே கடித்தனர். 1967-இல் ஜே. எட்வின் சீக்மில்லர் குழுவினர் காரணத்தைக் கண்டறிந்தனர். ஹைப்போசாந்தினையும் குவானைனையும் மீட்கும் அந்த ஒற்றை நொதி அவர்களிடம் இல்லை. பழைய எழுத்தைப் பிரித்துப் போடுவார் இல்லாத அச்சகத்தில் எழுத்தெல்லாம் குப்பைக்குச் செல்ல, வார்ப்பறையோ ஓயாது புதிது வார்த்துக்கொண்டிருந்தது. சிக்கனம் என நாம் சாதாரணமாகக் கருதிய ஒன்றில் மூளையின் நலமே அடங்கியிருந்தது அப்போது புலனாயிற்று. பிறரிடம் அலோபியூரினால் தடுத்து நிறுத்தும் ஹைப்போசாந்தின் மீட்கப்பட்டுவிடுவதால் பியூரின் ஆக்கமும் தணிகின்றது. இச்சிறுவர்களிடம் அது தணியவில்லை. அம்மருந்து அவர்களின் சிறுநீரகத்தைக் கல்லிலிருந்து காத்தது. கடிக்கும் நோயை அது தீர்க்கவில்லை. இன்றுவரை அதனைத் தீர்க்கும் மருந்து இல்லை.

பாஸ்டன் மருத்துவர்கள் மெர்காப்டோபியூரின் முயல்களின் நோய் எதிர்ப்பாற்றலை அடக்குவதை 1958-இல் கண்டனர். அதன் உறவுப் பொருளாக அம்மையாரின் ஆய்வகம் ஆக்கிய அசதயோப்ரின், பிறர் சிறுநீரகத்தை உடல் ஏற்றுக்கொள்ள உதவிற்று. ஜோசப் மரே 1962-இல் இறந்தவரின் சிறுநீரகத்தை நோயாளிக்குப் பொருத்தி வெற்றி கண்டமை இம்மருந்தின் துணையால்தான்.

1977-இல் வெளியான அசைக்ளோவிர் அம்மையாரின் முடிமணி எனலாம். குவானைனோடு முழுமையற்ற சர்க்கரைத் துண்டொன்றைப் பொருத்திய போலி அது. அக்கி வகை வைரசுகள் தமக்கெனத் தைமிடின் கைனேஸ் என்னும் மீட்பு நொதி ஒன்றைக் கொண்டுவருகின்றன. அந்நொதியே மருந்தை முடுக்கிவிடும். நலமுள்ள உயிரணுவின் நொதி அதனைப் பெரும்பாலும் தீண்டாது. ஆகவே வைரசு புகுந்த வீட்டில் மட்டுமே மருந்து விழித்தெழும். வைரசை அடக்கும் மருந்து உடலையும் கெடுத்தே தீரும் என நம்பியிருந்த காலத்தில் இது பெரிய திருப்பம். லீஷ்மேனியா போன்ற ஒட்டுண்ணிகள் பியூரினைச் சொந்தமாகக் கட்டும் திறனற்றவை. மீட்பு வழியை மட்டுமே நம்பி வாழ்பவை. அவை அலோபியூரினாலையே எழுத்தென மயங்கி ஏற்பதையும் அம்மையாரின் குழுவினர் காட்டினர்.

1983-இல் ஓய்வு பெற்றார். எய்ட்சு நோய்க்கு முதல் மருந்தான ஏ.இசட்.டி. அவரிடம் பயின்றோர் உழைப்பால் 1987-இல் ஒப்புதல் பெற்றபோது, பலர் அப்பெருமையை அவர்க்கே சூட்ட முனைந்தனர். அது தம் பணி அன்று எனக் கூறி உரியவர்க்கே விட்டுக்கொடுத்தார். 1988-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு காலைப் பொழுதில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது செய்தியாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, அவர்க்கு நோபல் பரிசு கிடைத்திருப்பதைத் தெரிவித்தார். ஹிட்சிங்ஸும் பிரிட்டனின் ஜேம்ஸ் பிளாக்கும் உடன் பரிசு பெற்றோர். முனைவர் பட்டம் பெறாத ஒருவர்க்கு அறிவியல் நோபல் கிடைப்பது அரிது. மறு ஆண்டில், முன்னர் அவரை முழுநேரமாக வரச் சொன்ன புருக்ளின் கல்விக்கூடமே மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. பட்டங்கள் வந்து குவிந்த பின்னரும் டியூக் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்க்கு ஆய்வு கற்பித்துவந்தார். பரிசுகளினும் மேலாக அவர் மதித்தவை, நோயிலிருந்து மீண்டவர்களும் அவர்தம் பெற்றோரும் எழுதிய கடிதங்களே.

1998 பிப்ரவரியில் ஹிட்சிங்ஸ் மறைந்தார். ஓராண்டு கழித்து, 1999 பிப்ரவரி 21-ஆம் நாள், வட கரோலினாவின் சேப்பல் ஹில் ஊரில் எண்பத்தோராம் வயதில் எலியன் அம்மையாரும் மறைந்தார்.